பழம் கெட்டிப்பட இலைவழி ஊட்டம்: எவ்வளவு நம்பலாம்?



திருவேங்கடத்தில் இருந்து எழுதுகிறேன். வங்கியில் 30 வருசத்துக்கு மேல் பேரேடு பார்த்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு கரிசல் காட்டில் இறங்கியவன். ஊரில் இன்னும் "பேங்க் சார்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். கணக்குப் பார்க்கும் பழக்கம் மட்டும் விடவில்லை. இந்தக் கட்டுரையும் ஒரு கணக்குதான்.

மூன்று வருசத்துக்கு முன்னால் கால் ஏக்கரில் தக்காளி போட்டேன். ரசாயனம் ஒரு சொட்டுக் கிடையாது. செடி இடுப்பளவு வளர்ந்து இலை கருகருவென்று நின்றது. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். ஆனால் கமிஷன் கடையில் பெட்டியை இறக்கியதும் கடைக்காரர் ஒரு பழத்தை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்ன அண்ணாச்சி, இப்படிக் கொழகொழன்னு கொண்டாந்திருக்கீய? இது கேரளா லாரி ஏறுமா?" அடித்தட்டில் இருந்த பழமெல்லாம் நசுங்கித் தண்ணீர் விட்டிருந்தது. அன்றைக்குக் கிடைத்த காசு பறிப்புக் கூலிக்கும் வண்டிக்கும் சரியாகப் போனது.

இந்தப் பருவம் பக்கத்துக் காட்டுத் தம்பி ஒருத்தர் வந்து கேட்டார்: "பேங்க் சார், இந்த பாட்டிலை வாங்கி இலையில அடிச்சா தக்காளி கல்லு மாதிரி ஆகுமாம். கடன் வாங்கியாவது வாங்கிரவா?" கொடைக்கானல் பக்கம் ஸ்ட்ராபெர்ரி போடும் நண்பரும் போனில் இதே கேள்வியைத்தான் கேட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து நான் படித்ததையும் காட்டில் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

பழம் எதனால் கெட்டியாக இருக்கிறது?

வெண்பூசணியில் ஆக்ரா பேட்டா என்ற மிட்டாய் செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? பூசணித் துண்டுகளை முதலில் சுண்ணாம்புத் தெளிநீரில் ஊறப் போடுவார்கள். பிறகு எவ்வளவு நேரம் பாகில் வேகவைத்தாலும் துண்டு குழையாது, கடித்தால் கறுக்கென்று இருக்கும். பழம் கெட்டியாவதன் ரகசியம் முழுவதும் இந்த அடுப்படி வேலையில் இருக்கிறது.

காய், பழம் எல்லாமே சின்னச் சின்ன உயிரணுக்களால் கட்டிய சுவர் மாதிரி. செங்கல்லுக்கு நடுவே சாந்து இருப்பதுபோல், அணுக்களுக்கு நடுவே பெக்டின் என்ற பசை இருக்கிறது. சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், அந்தப் பசையின் இழைகளைக் கோத்துப் பிடிக்கிறது. கோப்பு நன்றாக இருந்தால் பழம் கெட்டி. கால்சியம் குறைந்தால் சாந்து இளகிப் பழம் தளர்ந்துவிடும். ரொம்பவும் குறைந்தால் தக்காளிக் காயின் அடிப்பக்கம் கருத்துக் குழிவிழும். அதைத்தான் நுனி அழுகல் என்கிறோம். பலர் அதைப் பூஞ்சாண நோய் என்று நினைத்து மருந்தடிக்கிறார்கள். தொடக்கத்தில் அது நோயல்ல, பிஞ்சுக்குக் கால்சியம் போய்ச் சேராத குறை.

பழுக்கும்போது பெக்டினைக் கரைக்கும் நொதிகள் தானாக வேலை செய்யத் தொடங்கும். அது இயற்கை. அப்படி ஒரு நொதியைத் தடுத்தால் தக்காளி கெட்டியாக இருக்கும் என்று 1994இல் அமெரிக்காவில் மரபணு மாற்றிய 'ஃபிளேவர் சேவர்' தக்காளியைச் சந்தைக்கு விட்டார்கள். சில வருசத்திலேயே அது சந்தையை விட்டுப் போய்விட்டது. நமக்கு அந்த வழி வேண்டாம்.

மண்ணில் நிறைய இருக்கிறது, பழத்தில்தான் இல்லை

எங்கள் கரிசலில் கால்சியத்துக்குப் பஞ்சமே கிடையாது. உழும்போது கொழுவில் சுக்கான் கல் தட்டும். அது சுண்ணாம்புதான். அப்படி இருந்தும் பழம் ஏன் தளர்கிறது? இதைத்தான் நான் முதலில் புரிந்துகொள்ளவில்லை.

கால்சியம் செடிக்குள் தண்ணீரோடு மட்டுமே பயணிக்கும். வேர் உறிஞ்சும் தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே போய் இறங்கும். இறங்கிய பிறகு அந்த இடத்தை விட்டு அசையாது. தழைச்சத்தும் சாம்பல் சத்தும் இலையில் இருந்து பழத்துக்கு மாறிப் போகும். கால்சியம் அப்படிப் போகாது. வங்கிக் கணக்கு மொழியில் சொன்னால், அது எடுக்க முடியாத வைப்பு. இலையின் கணக்கில் விழுந்தால் இலையோடு போச்சு.

வெயிலிலும் காற்றிலும் இலை நிறையத் தண்ணீரை ஆவியாக விடுகிறது. பழத்துக்கு மெழுகுத் தோல், அதனால் ஆவியாவது கொஞ்சம். எனவே தண்ணீரும் கால்சியமும் இலைக்கே போகின்றன. பழம் வளர்வதற்கான சர்க்கரையும் நீரும் வேறு குழாய் வழியாக வருகின்றன. அதில் கால்சியம் அநேகமாக இல்லை.

இப்போது எங்கள் ஊர்க் காற்றை நினைத்துப் பாருங்கள். ஆனியிலும் ஆடியிலும் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று, குற்றாலத்தில் சாரலாக இறங்கிவிட்டு, சங்கரன்கோவில், திருவேங்கடம் பக்கம் வரும்போது வெறும் வறட்டுக் காற்றாக வீசும். சும்மாவா இந்த வட்டாரத்தில் இத்தனை காற்றாலை நிற்கிறது! அந்தக் காற்று இலையில் இருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். பழத்தின் பங்கு இன்னும் குறையும். நான் தக்காளி போட்டது சரியாக அந்தப் பருவம்.

செய்த அடுத்த தப்பு, பூப்பூத்த பிறகும் வாரம் தவறாமல் மீன்அமிலம் அடித்தது. மீன்அமிலத்தில் தழைச்சத்து அதிகம். இலை பெரிதானது, தண்ணீரை இன்னும் இழுத்தது. பழமும் சீக்கிரம் ஊதி, அணுச்சுவர் மெலிந்துபோனது. ஊர் பாராட்டிய அந்தக் கருகரு இலைதான் என் பழத்தின் பங்கைச் சாப்பிட்டிருக்கிறது.

விடிகாலைச் சோதனை

ராத்திரி காற்று அடங்கி, இலைத்துளைகள் மூடியதும் வேர் தண்ணீரைக் கீழிருந்து மேலே தள்ளும். அந்த நேரத்தில்தான் ஆவியாகாத பாகங்களுக்கும், அதாவது பிஞ்சுக்கும் குருத்துக்கும், கால்சியம் தாராளமாகப் போகிறது. இங்கிலாந்தில் லாங் ஆஷ்டன் ஆய்வு நிலையத்தில் ஸ்ட்ராபெர்ரியின் குருத்திலை நுனி கருகுவதை ஆராய்ந்த கட்ரிட்ஜ், பிராட்ஃபீல்டு என்ற ஆய்வாளர்கள் இந்த வேர் அழுத்தத்தின் பங்கைக் காட்டினார்கள். 1984இல் அவர்களே தக்காளியிலும் இரவு நேர ஈரப்பதத்துக்கும் பழத்தின் கால்சியத்துக்கும் உள்ள தொடர்பை எழுதினார்கள். மலையில் விளையும் ஸ்ட்ராபெர்ரிக்கும் கரிசலில் விளையும் தக்காளிக்கும் பாடம் ஒன்றுதான்.

இதைக் காட்டில் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். விடியும்போது போய் இலை ஓரத்தைப் பாருங்கள். பல்லு பல்லாக முத்துக் கோத்த மாதிரி நீர்த்துளி நின்றால் வேர் ராத்திரி நன்றாக வேலை செய்திருக்கிறது. பனித்துளி இலை முழுவதும் படியும், இது ஓரத்தில் மட்டும் நிற்கும். துளியே இல்லை என்றால் மண்ணில் ஈரம் போதவில்லை, அல்லது தண்ணீரில் உப்பு அதிகம், அல்லது வேர் கெட்டிருக்கிறது. இப்படி இருக்கும்போது எந்த பாட்டிலை அடித்தாலும் பிரயோசனம் குறைவு.

தெளிப்பின் வரவு செலவு

சரி, இலைவழியாகக் கொடுத்தால் என்ன? கணக்குப் போடுவோம்.

நம்மில் பலர் செய்வது முட்டை ஓட்டுக் கரைசல். முட்டை ஓட்டில் ஏறத்தாழ 95 சதம் சுண்ணாம்புக் கார்பனேட். இதை வினிகரில் போட்டால் நுரைத்துக் கரையும். சாதாரண 5 சத வினிகர் 1 லிட்டர், ஏறத்தாழ 40 கிராம் ஓட்டைத்தான் கரைக்கும். அதற்கு மேல் போட்டால் ஓடு அப்படியே கிடக்கும். 40 கிராம் ஓட்டில் கால்சியம் சுமார் 16 கிராம்.

இதை 1 லிட்டருக்கு 1 மில்லி என்று கலந்து அடிக்கச் சொல்வது வழக்கம். அப்படியானால் 10 லிட்டர் டேங்கில் 10 மில்லி. அதில் இருக்கும் கால்சியம் 0.16 கிராம், ஒரு சிட்டிகைகூட இல்லை. ரசாயன விவசாயிகள் அடிக்கும் கால்சியம் குளோரைடு அரை சதக் கரைசலில் அதே 10 லிட்டருக்கு 13 முதல் 18 கிராம் வரை கால்சியம் இருக்கிறது. நாம் அடிப்பது அதில் நூறில் ஒரு பங்கு. இதை அடித்துவிட்டுப் பழம் கெட்டியாகிவிட்டது என்று சொன்னால் அது மனசுக்குத்தான்.

அதனால் நான் 10 லிட்டருக்கு 100 மில்லி என்று கூட்டினேன். டேங்குக்கு 1.6 கிராம். ஏக்கருக்கு 15 டேங்க் என்றால் 24 கிராம். ஐந்து தடவை அடித்தால் 120 கிராம்.

எதிர்ப்பக்கம் செலவைப் பாருங்கள். 1 கிலோ தக்காளியில் ஏறத்தாழ 100 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். ஏக்கருக்கு 10 டன் எடுத்தால் பழத்தில் மட்டும் 1 கிலோ. நாம் தெளித்தது 120 கிராம். அதிலும் பெரும்பகுதி இலையில் விழுகிறது. இலையில் விழுந்தது பழத்துக்கு மாறாது என்று மேலே பார்த்தோம். பழத்தின் மேல் விழுந்ததிலும் கொஞ்சம்தான் உள்ளே போகும், ஏனென்றால் தக்காளித் தோலில் இலையில் இருப்பதுபோன்ற துளைகள் இல்லை. காம்பும் புல்லி இதழும் சேரும் இடம்தான் முக்கிய வாசல்.

ஆக, தெளிப்பு ஒரு கைமாற்று. குடும்பம் நடத்தும் வருமானம் வேர் வழியாகத்தான் வரவேண்டும்.

தெளிப்பதென்றால் எப்படித் தெளிப்பது?

கைமாற்றும் சில நேரம் உதவும். குறிப்பாகக் காற்றுப் பருவத்தில், முதல் காய் பிடிக்கும்போது. அப்போது இப்படிச் செய்யலாம்.

கரைசல்: 10 முட்டை ஓட்டைக் கழுவி, உள்தோல் நீக்கி, வெயிலில் காயவைத்து, வெறும் சட்டியில் லேசாகச் சிவக்க வறுத்து நொறுக்குங்கள். 1 லிட்டர் வினிகரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். நுரை பொங்கும், மூடியை இறுக்க வேண்டாம். ஒரு வாரம் பத்து நாளில் நுரை நின்று, அடியில் கொஞ்சம் ஓடு மிச்சம் கிடக்க வேண்டும். மிச்சம் கிடந்தால் புளிப்பு எல்லாம் வேலை செய்து தீர்ந்தது என்று அர்த்தம். மிச்சமே இல்லை என்றால் இன்னும் இரண்டு ஓடு போடுங்கள். வடிகட்டி வையுங்கள்.

வினிகர் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். செயற்கை வினிகர் என்று அச்சிட்டிருந்தால் அது தொழிற்சாலை அசிட்டிக் அமிலம். பழக்கழிவு, கரும்புச்சாறு, பதநீர் ஆகியவற்றைப் புளிக்கவைத்து வீட்டிலேயே வினிகர் செய்யலாம். புளிப்பு குறைவாக இருந்தால் கரையும் ஓடும் குறையும், அவ்வளவுதான்.

எலுமிச்சைச் சாற்றில் முட்டையை ஊறவைக்கும் கரைசல் வேறு. பக்கத்தில் புளியங்குடி இருப்பதால் எங்களுக்கு எலுமிச்சைக்குக் குறைவில்லை. ஆனால் எலுமிச்சையின் சிட்ரிக் அமிலத்தோடு சேர்ந்த கால்சியம் தண்ணீரில் அதிகம் கரையாமல் அடியில் வெள்ளையாகப் படியும். அந்தக் கரைசலின் பலம் முட்டையின் புரதச் சத்துதான். வளர்ச்சிக்கு நல்லது. பழத்தைக் கெட்டிப்படுத்த என்று அதை நம்ப வேண்டாம்.

நேரம்: சாயங்காலம் 4.30 மணிக்கு மேல், காற்று அடங்கியதும். கரைசல் மெதுவாகக் காய்ந்தால்தான் உள்ளே போகும். மத்தியானம் அடித்தால் சட்டென்று காய்ந்து உப்பாகப் படிந்து இலை கருகும்.

பருவம்: காய் சுண்டைக்காய் அளவில் இருக்கும்போது தொடங்கி வாரம் ஒரு தடவை. முதல் இரண்டு வாரம்தான் முக்கியம். காய் முற்றி மெழுகு ஏறிய பிறகு அடிப்பது வீண்.

இடம்: தெளிப்பான் முனையைச் செடிக்கு உள்ளே, கீழிருந்து மேலாகப் பிடித்துக் காய்க்கொத்து நனையும்படி அடியுங்கள். மேலாக இலையை மட்டும் கழுவினால் பயனில்லை. ஒட்டுவதற்குப் பூந்திக்கொட்டை ஊறிய நீர் கொஞ்சம் சேர்க்கலாம்.

தண்ணீர்: எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. தெளிப்புக்கு மட்டுமாவது மழைநீர் பிடித்து வையுங்கள்.

சேர்க்கக் கூடாதது: பஞ்சகவ்யா, மீன்அமிலத்தோடு ஒரே டேங்கில் கலக்காதீர்கள். மணிச்சத்தோடு சேர்ந்தால் கால்சியம் திரிந்து படிந்துவிடும், தெளிப்பான் முனையும் அடைக்கும். நான்கைந்து நாள் இடைவெளி விடுங்கள். சுண்ணாம்புத் தெளிநீரை நேராக இலையில் அடிக்க வேண்டாம். அதன் காரம் இலையைச் சுட்டுவிடும்.

முதலில் நான்கு செடியில் அடித்து, இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மீதிக்கு அடியுங்கள்.

கடையில் விற்கும் கால்சியம் பாட்டில்கள் பற்றி ஒன்று. அமெரிக்க இயற்கை வேளாண் விதிகளில், உப்புநீரில் இருந்து எடுக்கும் கால்சியம் குளோரைடுக்குத் தடை இருக்கிறது. கால்சியம் ஏறாத குறைக்கு இலைவழித் தெளிப்பாக மட்டுமே விலக்கு. மண்ணில் போடக் கூடாது. நம்மில் சான்று வாங்கியவர்கள் எந்த பாட்டிலைத் தொடும் முன்னும் தங்கள் சான்று நிறுவனத்தைக் கேட்டுவிடுங்கள்.

தெளிப்புக்கு முன்னால் செய்ய வேண்டியவை

ஈரம் ஒரே சீராக இருக்க வேண்டும். கரிசலுக்கு இரண்டே குணம், நனைந்தால் சேறு, காய்ந்தால் வெடிப்பு. வெடிக்கும்போது நுனிவேர் அறுகிறது. கால்சியத்தை உறிஞ்சுவது பெரும்பாலும் அந்த இளம் நுனிவேர்தான். எனவே உளுந்துப் பொட்டு, சோளத்தட்டை, எது கிடைத்தாலும் நான்கு விரல்கட்டை உயரம் மூடாக்குப் போடுங்கள். சொட்டுநீர் என்றால் நான்கு நாளைக்கு ஒருமுறை நிறைய விடுவதைவிடத் தினமும் கொஞ்சம் விடுவது மேல். சாயங்காலம் விட்டால் ராத்திரி வேர் வேலைக்கு ஆகும்.

பூ வந்த பிறகு மீன்அமிலத்தை நிறுத்துங்கள். கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய 3 சதப் பஞ்சகவ்யா அளவே போதும், கையளவைக் கூட்ட வேண்டாம். சாம்பலையும் அள்ளிக் கொட்டாதீர்கள். சாம்பல் சத்து அதிகமானால் வேர் வாசலில் கால்சியத்தோடு போட்டி போடும்.

காற்று வரும் மேற்குப் பக்கம் இரண்டு வரிசை சோளமோ அகத்தியோ விடுங்கள். காற்றுத் தடுப்பும் ஒருவகைக் கால்சியம்தான்.

ரகமும் முக்கியம். நாட்டுத் தக்காளி ரசத்துக்கு ருசி, ஆனால் தோல் மெல்லிசு. அதை உள்ளூரில் விற்கத்தான் போட வேண்டும். தூரத்துச் சந்தைக்கு என்றால் தோல் தடித்த ரகம் பாருங்கள். பெரியகுளத்தில், அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்தில் இருந்து உருவாக்கிய பி.கே.எம்.1 விதையை நாமே எடுத்து வைக்கலாம்.

கடைசியாகப் பறிப்பு. நிறம் திரும்பும் செங்காயில், காலை வெயில் ஏறும் முன் பறித்து நிழலில் ஆறவிட்டு, பெட்டியை ரொம்ப நிரப்பாமல் அடுக்குங்கள். வெயிலில் சுட்ட பழத்தை எந்த ஊட்டமும் காப்பாற்றாது.

ஸ்ட்ராபெர்ரி நண்பருக்கு

ஸ்ட்ராபெர்ரிக்கு மெழுகுத் தோல் என்ற கவசம் இல்லை. விரல் பட்டாலே கன்றிவிடும். இந்தியாவில் அது அதிகம் விளைவது மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வர் பக்கம். அங்கேயும் நாளைக்கு ஒரு பறிப்பு, சின்னப் பெட்டி, உடனே குளிர்ச்சி என்றுதான் பழத்தைக் காக்கிறார்கள். கால்சியம் தெளிப்பு பற்றி ஸ்ட்ராபெர்ரியில் நடந்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. சிலவற்றில் பழம் கெட்டியானது, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. ஆகவே அவருக்கும் நான் சொன்னது இதுதான்: பூ மலர்ந்ததில் இருந்து பச்சைப் பிஞ்சு வரை, பிஞ்சு நனைய அடியுங்கள். தழைச்சத்தைக் குறையுங்கள். காலையில் இலை ஓர முத்தைப் பாருங்கள்.

என் காட்டுச் சோதனை

போன பருவம் ஆறு பார் ஒதுக்கினேன். முதல் இரண்டில் மூடாக்கு, மீன்அமிலம் நிறுத்தம், தெளிப்பு இல்லை. அடுத்த இரண்டில் அதே மாதிரி, கூடவே முட்டை ஓட்டுத் தெளிப்பு. கடைசி இரண்டில் மூடாக்கு இல்லாமல், மீன்அமிலத்தோடு பழைய முறை, ஆனால் தெளிப்பு உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரே நாளில், ஒரே நிறத்தில் 20 பழம் பறித்து வீட்டுத் திண்ணையில் ஐந்து ராத்திரி வைத்தேன். எது எந்தப் பார் என்று சொல்லாமல் வீட்டம்மாவை அமுக்கிப் பார்க்கச் சொன்னேன். அவர்கள் முதலில் ஒதுக்கியது கடைசி இரண்டு பார்ப் பழங்களை. "இதை இன்னைக்கே ரசம் வச்சிரணும்" என்றார்கள். தெளிப்பு கொடுத்தும் அது தளர்ந்துதான் இருந்தது. மற்ற நாலு பார்களிலும் கெட்டியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தெளித்த பாரில் நுனி அழுகல் மட்டும் கொஞ்சம் குறைவு போலப் பட்டது.

இது ஒரு காட்டில் ஒரு பருவத்தில் கண்டது. மூடாக்கையும் மீன்அமிலத்தையும் ஒன்றாக மாற்றிவிட்டதால் எது எவ்வளவு உதவியது என்று பிரிக்க முடியவில்லை. அடுத்த பருவம் தனித்தனியாகப் போடப் போகிறேன்.

பாட்டில் வாங்கக் கேட்ட தம்பியிடம் இந்தப் பார்களைக் காட்டினேன். ஒரு காலத்தில் பயிர்க்கடன் மனுவில் 'மருந்துச் செலவு' என்ற வரிக்கு நேரே கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டவன் நான். அந்தச் செலவு மண்ணுக்குத் தேவையா என்று அன்றைக்குக் கேட்டதில்லை. இப்போதாவது கேட்கலாமே. தம்பி கடன் வாங்கவில்லை. உளுந்துப் பொட்டு இரண்டு வண்டி வாங்கி மூடாக்குப் போட்டிருக்கிறார். விடிந்ததும் இலை ஓரத்தில் முத்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணுகிறார்.

நீங்களும் இரண்டு பார் தெளித்து, இரண்டு பார் தெளிக்காமல் விட்டுப் பாருங்கள். தெளிக்காத பாரை விடாமல் தெளித்த பாரின் பலனைச் சொல்ல முடியாது. என்ன கண்டீர்கள் என்று இந்த இதழுக்கு எழுதுங்கள். என் கணக்கில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்கிறேன்.